உண்ணா நோயும் உற்றவர் வாக்கும்

பசியை ஒரு பிணி என்று பெயரிட்டு அழைத்தவர் தமிழர். அப்பிணியைத் தீர்க்கும் பொருட்டே மணிமேகலை அமுதசுரபியை ஏந்தினாள் என்று நம் காப்பியம் கூறும். 1867-ஆம் ஆண்டில் வடலூரில் இராமலிங்க அடிகள் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றளவும் எரிந்துகொண்டிருக்கின்றது. சோறிடுதலினும் மேலான அறம் இல்லையென்பது நம் வீடுதோறும் தாய்மார் கற்பிக்கும் முதற்பாடம்.

ஆயின், சோறில்லாமையால் வரும் பிணியை இத்துணை நுட்பமாக அறிந்த நாம், சோற்றுப்பானை நிறைந்திருக்கும் வீட்டிலே, பெற்றவள் பிசைந்து நீட்டும் கவளத்தை வாங்கமாட்டாமல் ஒரு பெண் நாளுக்கு நாள் இளைத்து எலும்பாகும் பிணிக்கு ஒரு பெயரும் வைத்தோமில்லை. யாரும் காணாத வேளையில் அளவின்றி உண்டு, பின் அதனை எண்ணி நாணி, உண்டதை வெளியேற்றித் தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் பிணிக்கும் பெயர் வைத்தோமில்லை. "பிடிவாதம்" என்போம்; "கொழுப்பு" என்போம்; "கண்ணேறு" என்போம்; மிஞ்சினால் "காத்துக் கருப்பு" என்று பூசாரியைத் தேடுவோம். நோயென்று மட்டும் சொல்லோம். மேனாட்டார் முன்னதற்கு அனோரெக்ஸியா நெர்வோஸா என்றும், பின்னதற்குப் புலிமியா நெர்வோஸா என்றும் பெயரிட்டுள்ளனர். இந்நோய்கள் பெண்களிடமே மிகுதியாகக் காணப்படினும் ஆண்களையும் விட்டு வைப்பனவல்ல.

இந்நோய்களின் சரித்திரத்தை வைத்தியர்கள் பலர் எழுதியுள்ளனர். நாம் இங்கே ஆராயப் புகுவது வேறொரு சரித்திரம். நோயுற்றவர் தம் நோயைப் பற்றியும், தமக்குச் செய்யப்பட்ட சிகிச்சையைப் பற்றியும், குணமென்பது யாதென்பதைப் பற்றியும் என்ன கூறினர்? அவர் கூறியதை எவரேனும் செவி கொடுத்துக் கேட்டனரா? கேட்டதனால் விளைந்த பயன் யாது? இவையே நம் வினாக்கள்.

கோலாலம்பூர்ப் பைத்தியசாலை

தொலைவில் தொடங்குவானேன்? உணவும் நோயும் நோயாளியும் ஒருங்கு சேர்ந்த பெரியதொரு சோதனை நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. 1905-ஆம் ஆண்டில் இந்நகரத்துப் பைத்தியசாலையில் பெரிபெரி நோய் பரவிற்று. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இருதயம் நின்று மாள்வது அந்நோயின் இயல்பு. தீட்டிய வெள்ளரிசி உண்ணும் சீனத் தொழிலாளர் இந்நோயால் கூட்டங்கூட்டமாக மடிய, புழுங்கலரிசி உண்ணும் நம் தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பி நிற்பதை நெகிரி செம்பிலானில் இருந்த டாக்டர் பிராடன் கண்டு, குற்றம் அரிசியிலேயே உளதென்று வாதித்து வந்தார். அதனைச் சோதிக்க முற்பட்டார் வில்லியம் பிளெட்சர் என்னும் வைத்தியர்.

அவர் செய்த முறை மிக எளியது. பைத்தியசாலையில் இருந்தோரைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி இடப்புறமிருந்து எண்ணினார். ஒற்றைப்படை எண்ணினர்க்கு வெள்ளரிசி. இரட்டைப்படை எண்ணினர்க்குப் புழுங்கலரிசி. ஏறத்தாழ ஓராண்டு இங்ஙனம் நடந்தது. வெள்ளரிசி உண்டோர் 120 பேரில் பலர் நோயுற்றனர். 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோர் 123 பேரில் ஒருவரும் அந்நோயால் மாண்டிலர். 1907-ஆம் ஆண்டில் இச்செய்தி லண்டன் "லான்செட்" பத்திரிகையில் வெளியாயிற்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது என்பதும், அச்சத்து இன்னதென்பதும் பின்னரே தெளிவாயின. 1926-ஆம் ஆண்டில் பத்தாவியாவில் இரு டச்சு விஞ்ஞானிகள் அதனைப் பிரித்தெடுத்தனர். பி1 வைட்டமின் என்று நாம் இன்று கூறுவது அதுவே.

இச்சோதனையால் உலகம் பெற்ற நன்மை பெரிது; அதனை மறுப்பார் இலர். ஆயினும், தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் ஆளை எண்ணிப் பேர் பதிவதையே தொழிலாகக் கொண்ட என் போன்ற கிராணிகளுக்கு, அந்த ஒற்றைப்படை இரட்டைப்படைக் கணக்கு ஒரு விசாரத்தை உண்டாக்காமற் போகாது. செக்ரோலில் ஆள் உண்டு. ஆளின் வாய்ச்சொல் இல்லை. வரிசையில் நின்றோர் இன்ன அரிசி வேண்டுமென்றனரா, வேண்டாமென்றனரா, பக்கத்துப் பாயில் படுத்தவன் கால் வீங்கிச் சாகக் கண்டபோது என் நினைத்தனர் என்பதற்கு அவ்வறிக்கையில் ஒரு வரியும் இல்லை. அவர் பித்தர், பித்தர் சொல் அம்பலம் ஏறாது என்பது அக்காலத்து எண்ணம். 1911-ஆம் ஆண்டில் தஞ்சோங் ரம்புத்தானில் பெரிய மனநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அவ்வூரின் பெயரையே நம்மவர் வசைச்சொல்லாக்கிக் கொண்டனர். மனம் நொந்தவரின் சொல்லைத் தள்ளும் பழக்கம் வைத்தியரிடம் மட்டும் இருந்ததன்று. நம் நாவிலும் ஊறியிருந்தது.

மேனாட்டார் கண்டவை

உண்ணா நோயைப் பற்றிய தெளிவான பழைய குறிப்பு, இங்கிலாந்தில் ரிச்சர்டு மார்ட்டன் என்பார் 1689-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் உள்ளது. 18-ஆம் வயதில் நோயுற்ற ஒரு பெண்ணை அவர் விவரிக்கின்றார். காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. உடலோ தோல் போர்த்த எலும்புக்கூடு. அவர் மருந்துகள் கொடுத்தார். சில நாட்களில் அப்பெண் அவற்றில் சலிப்புற்று, இனி இயற்கையின் போக்கிலே விட்டுவிடுக என்று கெஞ்சினாள். அவர் விட்டார். மூன்று திங்களில் அவள் மூர்ச்சையுற்று இறந்தாள். இந்நோயின் சரித்திரத்தில் நோயாளியின் சொல் பதிவாகிய முதலிடங்களுள் இஃது ஒன்று. அச்சொல்லுக்கு அப்படியே இணங்கியதன் முடிவையும் உடன் காண்கின்றோம். இதனை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்வார்களாக. பின்னர் இவ்விடத்துக்கு மீள்வோம்.

1873-ஆம் ஆண்டில் லண்டனில் வில்லியம் கல்லும், பாரிசில் லாசேக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்நோயை விரித்துரைத்தனர். கல் வைத்த பெயரே இன்றும் வழங்குகின்றது. நோயாளியின் விருப்பத்தைச் சற்றும் கேட்கலாகாது, குறித்த நேரத்தில் உணவூட்டுக, உற்றாரைக் காவல் வைத்தல் கேடே தரும் என்பது அவர் விதி. லாசேக் சற்றே வேறுபட்டவர். நோயாளியின் பேச்சை உற்றுக் கேட்டார். தனக்கு வலி ஒன்றுமில்லை, ஆகையால் தான் சுகமாகவே இருப்பதாக அப்பெண்கள் கூறுவதை அவர் எழுதிவைத்தார். குடும்பத்தார் முதலில் கெஞ்சுவதும், பின்னர் மிரட்டுவதும், அவ்விரண்டும் நோயை வளர்ப்பதும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. 140 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வெழுத்தைப் படிப்போர் பிரிக்பீல்ட்ஸ் வீடொன்றின் சாப்பாட்டு மேசையைக் கண்டதாகவே எண்ணுவர்.

அப்பால் பெயர் பெற்ற ஷார்கோ, நோயாளியைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவிடுதலே மருந்தென்றார். அவரிடம் குணமடைந்த ஒரு சிறுமி, பெற்றோர் அருகிருந்தவரை தன் நோய் பெரிதென்று தான் நம்பவில்லை என்றும், தனியே விடப்பட்டபோதே அஞ்சி உண்ணத் தொடங்கியதாகவும் அவரிடம் கூறினாள். பிறகு 1914-ஆம் ஆண்டில் சிம்மண்ட்ஸ் என்பார் பிட்யூட்டரி என்னும் சுரப்பி கெட்டு உடல் மெலியும் நோயொன்றைக் கண்டறிந்தார். அதன்பின் பல்லாண்டுகள் உண்ணாப் பெண்களையும் அச்சுரப்பி நோயினராகவே கருதினர் வைத்தியர் பலர். சுரப்பிக்குச் சிகிச்சை நடந்தது. பெண்ணிடம் ஒருவரும் பேசினாரில்லை.

பட்டினி கற்பித்த பாடம்

இரண்டாம் உலகப் போரின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். போர் செய்ய மனமொவ்வாத 36 வாலிபர்கள் தாமே முன்வந்து 1945-ஆம் ஆண்டில் 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தனர். கோலாலம்பூர்ப் பைத்தியசாலைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை கருதத்தக்கது: இவர்கள் சம்மதித்தவர்கள், இவர்கள் சொன்னவை எழுதப்பட்டன. 1950-ஆம் ஆண்டில் வெளியான நூல் கூறுவது யாது? நல்ல மனத்திடமுள்ள அவ்வாலிபர்கள் சமையற் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தனர்; உணவைத் துணுக்குத் துணுக்காக்கி நெடுநேரம் வைத்துண்டனர்; நட்பை வெறுத்துத் தனிமை நாடினர்; சோர்வும் சினமும் கொண்டனர். மீண்டும் வயிறார உண்ணும் காலம் வந்த பின்னும் பலர்க்கு மனம் உடனே தெளிவடையவில்லை. உண்ணா நோயினரின் "விபரீத குணங்கள்" என்று கருதப்பட்டவற்றுட் பல, உண்மையில் பட்டினியின் விளைவுகளே என்பது இதனால் விளங்கிற்று. முதலில் உடல் தேறவேண்டும். உடல் தேறாதவிடத்து மனம் பேசாது.

அதே ஆண்டுகளில் நம் நாட்டில் எவரும் சம்மதம் கேட்காத பட்டினியொன்று நடந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழரில் திரும்பாதவர் பலர். அக்காலத்தை உண்டு உயிர் பிழைத்த பாட்டிமாரின் வீடுகளில், ஒரு பருக்கையைச் சிந்துவதும் பாவமாயிற்று. அவ்வீட்டுப் பேத்தி தட்டை நகர்த்தி வைத்தால், அது நோயென்று அவ்வீட்டார்க்கு எங்ஙனம் தோன்றும்? செருக்கென்றே தோன்றும். நம் வீடுகளில் இந்நோய் மறைந்து கிடப்பதற்கு இந்நினைவும் ஒரு காரணமென்று கருத இடமுண்டு.

பொற்கூண்டு

1944-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் பின்ஸ்வாங்கர் என்னும் வைத்தியர், எல்லன் வெஸ்ட் என்ற புனைபெயர் தந்து ஒரு பெண்ணின் வரலாற்றை வெளியிட்டார். உணவின்மேல் தீராத வேட்கையும், பருத்துவிடுவோமோ என்னும் தீராத அச்சமும் ஒருங்கே தன்னை ஆட்டுவிப்பதை அவள் தன் நாட்குறிப்பிலும் கடிதங்களிலும் எழுதியிருந்தாள். அவள் மாண்டதோ 1921-ஆம் ஆண்டில். இருபதாண்டுக்கு மேல் கழிந்த பின்னரே அவள் எழுத்தை உலகம் படித்தது.

உயிரோடிருக்கும்போதே கேட்கவேண்டும் என்று வற்புறுத்தியவர் ஹில்டே புரூக் என்னும் அம்மையார். ஜெர்மனியில் பிறந்து, ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி வெளியேறி, அமெரிக்காவில் வைத்தியம் செய்தவர். நோயாளியின் மனத்தில் இன்னது உள்ளதென்று வைத்தியர் தாமே வியாக்கியானம் செய்தல் தகாது; தமக்குத் தெரியாதென்ற நிலையில் நின்று, அவளே தன் உணர்ச்சியைக் கண்டறிந்து சொல்லுமாறு செய்தலே சிகிச்சை என்றார். அவர் 1978-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் பெயர் "பொற்கூண்டு". அப்பெயரைத் தந்தவளே ஒரு நோயாளிப் பெண்தான். வசதி மிக்க தன் வீட்டில், பொற்கூண்டில் அடைபட்ட சிட்டுக்குருவியாகத் தன்னை அவள் கண்டாள். நோயின் பெயருக்குப் பசியின்மை என்று பொருள். ஆனால் நோயாளிகள் சொன்னதோ, பசி இருந்தது, அப்பசியை வெல்வது ஒன்றே தம் கைவசமிருந்த ஆட்சி என்பது. பெயர் வைத்தவர் பிழையைப் பெயர் சூட்டப்பட்டவர் திருத்தினர்.

கீழ்நாட்டவர் சொன்னது

இந்நோய் வெள்ளைக்காரர் நோயென்றும், பருமனுக்கு அஞ்சுதல் இல்லாதவிடத்து இந்நோய் இல்லையென்றும் நெடுங்காலம் கருதப்பட்டது. 1981-ஆம் ஆண்டில் நீல் புஹ்ரிக் என்பார் மலேசிய மனநோய் வைத்தியர்களிடம் விசாரித்தபோது, அவர்களிடம் வந்த நோயாளிகளுள் இந்நோயினர் மிகச் சிலரே என்று அறிந்தார். ஆயின் 1993-ஆம் ஆண்டில் ஹாங்காங்கில் சிங் லீ என்னும் சீன வைத்தியர் தம் நோயாளிகள் 70 பேரின் வரலாற்றை வெளியிட்டார். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் பருமனைப் பற்றி அஞ்சினவரே அல்லர். வயிறு உப்புகிறது, பசியில்லை, உண்ண மனமில்லை என்பனவே அவர் கூறியவை. மேனாட்டு நூலில் இல்லாத காரணத்தால் அவர் சொல்லைப் பொய்யென்று தள்ளாமல், நூலே குறையுடையது என்று துணிந்தார் சிங் லீ. வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியார் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிலும், அங்கு வந்த சிறாரிடம் மிகுதியாகக் காணப்பட்டது மனக்காரணத்தால் வரும் வாந்தியே. 2013-ஆம் ஆண்டில் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் தன் இலக்கண நூலைத் திருத்தியபோது, பருமனுக்கு அஞ்சுவதாக வாயால் சொல்லாதவரும் இந்நோயினராகக் கொள்ளப்பட வழி செய்யப்பட்டது.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டுவது ஒன்றுண்டு. நம் பெண்பிள்ளை "நெஞ்சை அடைக்கிறது" என்றோ, "வயிறு கல்லாயிருக்கிறது" என்றோ பல திங்கள் சொல்லி மெலிவாளாயின், அஃது ஒரு செய்தி. "இன்றைக்கு விரதம்" என்று நாள்தோறும் சொல்வாளாயின், அதுவும் செய்தியே. விரதத்துக்கு முடிவுநாள் உண்டு, பாரணை உண்டு. தைப்பூசத்துக்கு விரதமிருப்போர் பத்துமலை ஏறி இறங்கிய பின் மகிழ்வோடு உண்கின்றனர். பாரணை இல்லாத விரதம் விரதமன்று, நோய்.

சிகிச்சையைப் பற்றிச் சொன்னவை

நிற்க. சிகிச்சை பெற்றோர் கூறியவற்றை இனிக் காண்போம். 1999-ஆம் ஆண்டில் லண்டனில் செர்பெல், டிரெஷர் முதலிய ஆராய்ச்சியாளர், நோயாளிகளைத் தம் நோய்க்கே இரண்டு கடிதங்கள் எழுதச் சொன்னார்கள்: நண்பனாகக் கருதி ஒன்று, பகைவனாகக் கருதி ஒன்று. முதற் கடிதங்களில் நோய் தம்மைக் காப்பதாகவும், தமக்கொரு பிடிமானம் தருவதாகவும் எழுதினர். இரண்டாவதில், அதே நோய் தம் நட்பையும் காலத்தையும் நலத்தையும் திருடிற்று என்று எழுதினர். இரண்டையும் எழுதியது ஒரே கை. உண்ண மறுப்பவள் முழு மனத்தோடு மறுக்கின்றாள் என்று எண்ணுவோர்க்கு இவ்விரு கடிதங்களே விடை.

மற்றொன்று வற்புறுத்தலைப் பற்றியது. இங்கிலாந்தில் ஜசிந்தா டான் முதலியோர் 29 இளம்பெண்களை விசாரித்து 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி கூறுவது வியப்பானது. உயிருக்கு ஆபத்தான வேளையில் தம் விருப்பத்துக்கு மாறாகவும் சிகிச்சை செய்யலாம் என்று அவருட் பெரும்பாலோர் ஒப்பினர். அவரைப் புண்படுத்தியது கட்டாயத்தினும், கட்டாயப்படுத்தினோர் நடந்துகொண்ட விதமே. நம்பிக்கைக்குரிய தாதியோ வைத்தியரோ பெற்றோரோ செய்தபோது அதே செயல் அன்பாகத் தோன்றிற்று. தம்மை ஓர் உடலென்று மட்டும் கருதியோர் செய்தபோது தண்டனையாகத் தோன்றிற்று.

குடும்பத்தைப் பற்றிய கொள்கையும் மாறிற்று. உற்றார் கேடு என்றார் கல். 1987-ஆம் ஆண்டில் அதே லண்டனில் ஜெரால்டு ரஸ்ஸல் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சியோ, இளவயதில் நோயுற்று நெடுநாள் ஆகாதவர்க்குக் குடும்பத்தையே துணையாகக் கொண்ட சிகிச்சை மற்றதினும் நற்பயன் தருவதைக் காட்டிற்று. பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், உணவூட்டும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்து, அஞ்சாமலும் ஏசாமலும் ஊட்டக் கற்பிப்பது அம்முறை.

குணமென்பது யாது? தராசின் முள் குறித்த எண்ணுக்கு வந்ததும் குணமென்பர் ஆஸ்பத்திரிக் கணக்கர். நோயுற்றோர் அதனை மறுக்கின்றனர். உடல் தேறி மனம் தேறாத காலமே தமக்கு மிகக் கொடியது என்றும், அப்போதுதான் எல்லாரும் கைவிட்டுப் போய்விடுகின்றனர் என்றும் பலர் கூறியுள்ளனர். தோழியரோடு அமர்ந்து கணக்குப் பாராமல் உண்பதும், படிப்பையும் வேலையையும் மீண்டும் நாடுவதும், கண்ணாடியைக் கடந்து போக முடிவதும் அவர்தம் கணக்கில் குணம். அதற்குக் காலமும் வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நோயுற்ற பெண்களை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒன்பதாம் ஆண்டில் உண்ணா நோயினருள் குணமானோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. 22-ஆம் ஆண்டிலோ ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர். பத்தாண்டு ஆகியும் தேறவில்லையே என்று கைகழுவுவது அறியாமை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் கடமை

இங்கே ஒரு தடை எழும். "நோயாளி சொல்லைக் கேள் என்கிறீர். மார்ட்டன் கேட்டார், பெண் மாண்டாளன்றோ?" எனலாம். நியாயமான தடையே. ஆனால் மார்ட்டன் செய்தது கேட்டலன்று, விட்டுவிடுதல். கல் செய்ததோ கேளாமலே ஆளுதல். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியுண்டு. அவள் சொல்லின் பொருளைக் கேட்பது. ஆனால் அவள் வாயால் நோய் சொல்லுவதற்கு அடிபணியாதிருப்பது. "உன் அச்சத்தை அறிவேன், ஆயினும் உன்னைச் சாக விடேன்" என்று ஒரே மூச்சில் சொல்வது. குணமடைந்தோர் நன்றியோடு நினைப்பது இப்படிச் சொன்னவரையே. வள்ளுவர் மருத்துவத்தின் கூறுகளை நான்காக எண்ணும்போது, நோயுற்றவனை முதலில் வைத்து, வைத்தியனையும் மருந்தையும் பணிவிடை செய்வோனையும் பின்னர் வைத்தார். நான்கும் வேண்டும், முதலாவதை அடித்துவிட்டு மற்ற மூன்றால் வைத்தியம் நடவாது.

கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் நம் வீடுகளில் நடப்பதைச் சற்று எண்ணுவோம். கலியாண வீட்டில் ஒரு பெண்ணைக் கண்டதும் முதற்பேச்சு, "என்ன இப்படிப் பெருத்துவிட்டாய்?" அல்லது, "என்ன இப்படி வற்றிவிட்டாய்?" என்பதே. பெண்பார்க்க வருவோர் நிறத்தையும் இடையையும் பேரம் பேசுகின்றனர். ஆண்பிள்ளை தட்டில் அள்ளி வைத்துப் பெண்பிள்ளை தட்டை அளந்து வைக்கும் தாய்மாரும் உளர். இவற்றால் மட்டுமே நோய் வருகின்றதென்று கூறோம். பிறவிக்கூறும் மனக்கூறும் சேர்ந்தே வருகின்றது. ஆயினும் எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்ப்பானேன்?

நோய் கண்டால் திருநீறும் தாயத்தும் எலும்பில் சதை வைக்கமாட்டா. "எவனாவது செய்வினை செய்துவிட்டான்" என்று திங்கள்களைக் கழிப்பது உயிரோடு சூதாடுவதாகும். மனநோய்களுள் மிகுதியாக உயிர் குடிப்பனவற்றுள் உண்ணா நோயும் ஒன்று. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரியிலும், கோலாலம்பூர்ப் பெரிய ஆஸ்பத்திரியிலும், மலாயாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியிலும் மனநலப் பகுதிகள் உண்டு. அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் காட்டி அங்கே அனுப்பக் கேட்கலாம். அங்குப் போவது தஞ்சோங் ரம்புத்தான் வசைக்கு அஞ்சத்தக்க செயலன்று. காய்ச்சலுக்குப் போவது போன்றதே. வைத்தியரிடம் தமிழில் பேசவேண்டுமாயின் அதனையும் கேட்டுப் பெறுவோம். மகள் சொல்லவேண்டியதைத் தகப்பன் இடைமறித்துச் சொல்லாதிருக்கட்டும்.

கொட்டகையில் ஒற்றைப்படை எண்ணில் நின்று மாண்ட அப்பதினெண்மரின் சொல் நமக்குக் கிட்டப்போவதில்லை. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டை நகர்த்தி வைப்பவள் இன்னும் உயிரோடிருக்கின்றாள்; அவளிடம் கேட்கலாம். கேட்டபின் சோற்றையும் பிசைந்து கொடுக்கலாம்.